வாடகைக்கு ஒரு கண்ணாடி

நாடக அரங்கில் குரல் போகும் தூரம் வேறு. முகம் போகும் தூரம் வேறு. தேர்ந்த பாடகர் ஒருவரின் குரல், ஒலிபெருக்கியின் துணையின்றியே, 2,000 பேர் அமர்ந்த மண்டபத்தின் கடைசி வரிசையை எட்டிவிடும். ஐரோப்பிய இசை நாடக அரங்குகளைக் கட்டிய சிற்பிகள், சுவரின் வளைவையும் கூரையின் உயரத்தையும் அதற்கேற்பவே அமைத்தார்கள். ஆனால் அப்பாடகரின் கண்ணில் துளிர்க்கும் நீரும், உதட்டோரத்தில் நெளியும் ஏளனமும் அவ்வளவு தூரம் பயணம் செய்வதில்லை. 30 மீட்டருக்கு அப்பால் நிற்கும் ஒருவரின் முகம், நாம் கையை நீட்டி விரல் நுனியில் பிடித்திருக்கும் ஒரு மிளகின் அளவாகத்தான் தெரியும். மிளகில் சிரிப்பு ஏது, சினம் ஏது?

முன்வரிசையில் அமர்வோருக்கு இக்குறை இல்லை. அதற்குரிய விலையை அவர்கள் கொடுத்துவிட்டார்கள். குறைந்த கட்டணம் செலுத்தி, பல படிகள் ஏறி, மேல்மாடத்தில் அமர்வோருக்கே இக்குறை. இவர்களுக்காக உலகின் பல நகரங்களில் ஓர் எளிய ஏற்பாடு நெடுநாளாக இருந்து வருகிறது. அரங்கிலேயே சிறு தொகைக்கு ஒரு சிறிய இரட்டைக் கண்ணாடியை வாடகைக்குப் பெறலாம். ஆட்டம் முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிடலாம். கேட்பதற்குச் சிறிய செய்திதான். ஆயினும் முன்பின் அறியாத ஒருவரை நம்பி ஒரு பொருளை மூன்று மணி நேரம் ஒப்படைப்பது எப்படி என்ற கேள்வி இதற்குள் அடங்கியிருக்கிறது. அக்கேள்விக்கு ஒவ்வொரு நாடும் தனக்கே உரிய முறையில் விடை கண்டிருக்கிறது. அவ்விடைகளை ஒப்பிட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் இக்கருவியின் பெயரைக் கவனிப்போம். ஆங்கிலேயர் இதனை 'ஓபரா கிளாஸ்' என்பர். இசை நாடகத்தையே அதற்குப் பெயராக்கிவிட்டார்கள். பிரெஞ்சுக்காரர் 'ஜுமெல்' என்பர். அதற்கு இரட்டைப் பிறவிச் சகோதரிகள் என்பது பொருள். ஒரே அச்சில் வார்த்த இரண்டு குழல்கள் அருகருகே நிற்பதைப் பார்த்துச் சூட்டிய பெயர் அது. வியன்னா மக்களோ 'ஓபெர்ன்குக்கர்' என்பர். ஓபராவை எட்டிப் பார்க்கும் பொருள் என்று கொள்ளலாம். ஒரு மொழி இடத்தைப் பார்த்தது; ஒரு மொழி உருவத்தைப் பார்த்தது; ஒரு மொழி பார்ப்பவரின் ஆவலைப் பார்த்தது. தமிழில் இதற்கென்று வழக்கில் ஊன்றிய தனிச்சொல் இல்லாமையால், 'அரங்கக் கண்ணாடி' என்றே இங்கு வழங்குவோம்.

இது எவ்வாறு வேலை செய்கிறது என்பதையும் சற்றே அறிந்துகொள்வது நலம். 1608ஆம் ஆண்டில், ஹாலந்து நாட்டு மிடெல்பர்க் நகரில் மூக்குக்கண்ணாடி செய்துவந்த ஹான்ஸ் லிப்பர்ஹே என்பவர், தொலைவிலுள்ள பொருளை அருகில் காட்டும் குழல் ஒன்றுக்குத் தனியுரிமை கேட்டு அந்நாட்டு ஆட்சி மன்றத்துக்கு விண்ணப்பித்தார். மன்றத்தார், இரு கண்ணாலும் பார்க்கத்தக்க கருவியைச் செய்து தருமாறு அவரிடம் கேட்டார்கள். அவரும் செய்து கொடுத்துப் பணம் பெற்றார்; தனியுரிமை மட்டும் கிடைக்கவில்லை. மறு ஆண்டில் கலிலியோ அக்குழலைச் சீர்படுத்தி வானை நோக்கித் திருப்பினார். முன்னே குவிந்த வில்லை, கண்ணருகே குழிந்த வில்லை. இதுவே கலிலியோவின் முறை. 1611இல் கெப்ளர் வேறொரு முறையைக் கூறினார். அதில் இரண்டும் குவிந்த வில்லைகள். பெருக்கம் அதிகம், பார்வைப் பரப்பும் அதிகம். ஆனால் காட்சி தலைகீழாகத் தெரியும்.

விண்மீனுக்குத் தலை எது, கால் எது என்ற கவலை இல்லை. ஆகவே வானியலார் கெப்ளரின் முறையை ஏற்றுக்கொண்டனர். அரங்கிலோ நிலைமை வேறு. அரியணையில் வீற்றிருக்கும் மன்னர் கூரையிலிருந்து தொங்குவதுபோல் தெரிந்தால் சோக நாடகமும் நகைச்சுவையாகிவிடும். எனவே நேர்முகமாகக் காட்டும் கலிலியோவின் முறையே நாடகத்துக்கு உரியதாயிற்று. அதன் குழல் குட்டையாக இருந்தால் போதும், உள்ளங்கையில் அடங்கும், செய்வதற்கும் செலவு குறைவு. தலைகீழ்க் காட்சியை முப்பட்டைக் கண்ணாடிகளால் நிமிர்த்தும் உபாயத்தை இத்தாலியரான இஞ்ஞாசியோ போர்ரோ 1854இல் பதிவு செய்தார். படைவீரரும் பறவை நோக்குவோரும் கழுத்தில் மாட்டித் திரியும் பெரிய கண்ணாடிகள் அம்முறையின் வழி வந்தவை. அவை வந்த பிறகும் அரங்கில் பழைய எளிய கருவி தன் இடத்தை இழக்கவில்லை.

அரங்கக் கண்ணாடியில் பெரும்பாலும் '3 × 25' என்றாற்போல் ஒரு குறிப்பு இருக்கும். முதல் எண் பெருக்கம். இரண்டாவது எண் முன் வில்லையின் குறுக்களவு, மில்லிமீட்டரில். மும்மடங்குப் பெருக்கம் என்றால் 30 மீட்டரில் நிற்பவர் 10 மீட்டரில் நிற்பதுபோல் தெரிவார். முன்னே கூறிய மிளகு, புளியங்கொட்டை அளவுக்கு வளர்ந்துவிடும். இது போதுமா என்று கேட்கலாம். போதும். பெருக்கம் கூடக்கூடக் கையின் சிறு நடுக்கமும் சேர்ந்து பெருகும். பார்வைக்குள் அடங்கும் பரப்போ சுருங்கும். எட்டு மடங்குக் கண்ணாடியால் பாடகியின் கண்ணிமையைக் காணலாம். ஆனால் அவளுக்குப் பின்னால் கத்தியுடன் வருபவன் கண்ணுக்குத் தப்பிவிடுவான். நாடகத்துக்கு முகமும் வேண்டும், முகத்தைச் சூழ்ந்த உலகமும் வேண்டும்.

இக்கருவி அரங்குக்குள் வந்த வரலாறும் சுவையானது. கட்டணம் செலுத்தும் பொதுமக்களுக்கென்று முதன்முதலில் ஏற்பட்ட இசை நாடக அரங்கு, 1637இல் வெனிஸ் நகரில் திறக்கப்பட்ட சான் காஸ்ஸியானோ அரங்காகும். அதுவரை அரண்மனைகளில் விருந்தினர் கண்டுவந்த கலை, அன்றுமுதல் காசு கொடுத்தவர் யாரும் காணக்கூடியதாயிற்று. கூட்டம் பெருகவே, இத்தகைய அரங்குகள் குதிரைலாட வடிவில் அடுக்கடுக்காக உயர்ந்தன. கீழ் அடுக்குகளிலுள்ள சிறு அறைகள் செல்வர்க்கு. உச்சி அடுக்குகள் எளியோர்க்கு. மிலான் நகரில் 1778இல் திறக்கப்பட்ட லா ஸ்காலா அரங்கின் மேல்மாடத்து ரசிகர்கள், பிழையாகப் பாடியவரைக் கூச்சலிட்டு நடுங்க வைப்பதில் இன்றளவும் பெயர் பெற்றவர்கள். இருக்கை மலிவு, இசைஞானம் மலிவன்று.

நெடுங்காலம் ஒற்றைக் குழலே அரங்குகளில் வழங்கிவந்தது. 1823இல் வியன்னாவைச் சேர்ந்த யோஹான் பிரீட்ரிக் வாய்க்லாண்டர், இரண்டு கலிலியோக் குழல்களை ஒரு பாலத்தால் இணைத்து இரட்டைக் கண்ணாடியாக்கினார். அதில் ஒவ்வொரு கண்ணுக்கும் குழலைத் தனித்தனியே நீட்டிச் சுருக்க வேண்டியிருந்தது. இரண்டே ஆண்டில் பாரிசின் லெமியேர் என்பவர், நடுவே ஒரு சிறு சக்கரத்தை வைத்து, அதனைத் திருப்பினால் இரு குழல்களும் ஒருங்கே நகருமாறு செய்தார். இன்று நாம் கையில் எடுக்கும் அரங்கக் கண்ணாடியின் உருவம் அன்றே முற்றுப்பெற்றுவிட்டது எனலாம்.

ஆனால் அன்றைய சீமான்களும் சீமாட்டிகளும் இக்கண்ணாடியால் மேடையைத்தான் பார்த்தார்கள் என்று எண்ணிவிடலாகாது. அக்காலத்தில் ஆட்டம் நடக்கும்போதும் மண்டபத்தில் விளக்குகள் எரிந்துகொண்டிருக்கும். யார் வந்திருக்கிறார், யாருடன் வந்திருக்கிறார், கழுத்தில் என்ன மணிமாலை என்பனவே பலருக்கு முதல் நாடகம். ரஷ்யக் கவிஞர் புஷ்கின் படைத்த ஒனெகின் என்னும் இளைஞன், அரங்கில் நுழைந்ததும் கண்ணாடியைத் திருப்புவது, தனக்கு அறிமுகமில்லாத மகளிர் அமர்ந்திருக்கும் மாடங்களை நோக்கியே. பிரெஞ்சு ஓவியர் ரெனுவார் 1874இல் தீட்டிய அரங்க மாடக் காட்சியிலும், பெண்ணுக்குப் பின்னால் அமர்ந்த ஆடவர் மேடையை விடுத்து மேலே எங்கோ நோக்குகிறார். அமெரிக்கப் பெண் ஓவியர் மேரி கஸாட் 1878இல் வரைந்த ஓவியம் இன்னும் நுட்பமானது. கறுப்பு உடை அணிந்த பெண் ஒருத்தி கண்ணாடியால் எதையோ கூர்ந்து நோக்குகிறாள். தூரத்து மாடத்திலிருந்து ஓர் ஆடவர் தம் கண்ணாடியால் அவளை நோக்குகிறார். பார்ப்பவளும் பார்க்கப்படுகிறாள்.

நம் நாட்டிலும் இக்கருவி ஒரு கலைப்படைப்பில் அழியா இடம் பெற்றிருக்கிறது. 1964இல் சத்யஜித் ராய் எடுத்த 'சாருலதா' என்னும் வங்காளிப் படத்தை நேயர்களில் பலர் கண்டிருக்கக்கூடும். 19ஆம் நூற்றாண்டுக் கல்கத்தாவில், செல்வம் நிறைந்த வீட்டில் தனிமையில் பொழுதைக் கழிக்கும் இளம் மனைவி, கைப்பிடி வைத்த கண்ணாடி ஒன்றை எடுத்துக்கொண்டு சன்னல் சன்னலாக ஓடித் தெருவில் போவோரை நோக்குகிறாள். பின்னர் தன் எதிரே, தன்னைக் கவனியாமல் நடந்து செல்லும் கணவனையும் அதே கண்ணாடியால் நோக்குகிறாள். அருகிலிருந்தும் தொலைவாகிவிட்ட மனிதரைக் காட்ட ராய் எடுத்த கருவி அது. உரையாடல் எதுவும் அங்கே தேவைப்படவில்லை.

அரங்கிலோ, கண்ணாடி மேடையை நோக்கித் திரும்பியதற்கு இருளே காரணம். ஜெர்மன் இசைமேதை வாக்னர் 1876இல் பைராய்ட் நகரில் தம் அரங்கைத் திறந்தபோது மண்டபத்து விளக்குகளைத் தணித்துவிட்டார். இருக்கைகளையும் மேடையை நோக்கியே விசிறிபோல் அமைத்தார். 1881இல் லண்டன் சவாய் அரங்கு முற்றிலும் மின்விளக்கால் ஒளிபெற்றது. ஒரு விசையால் மண்டபத்தை இருளாக்கி மேடையை ஒளியாக்குவது எளிதாயிற்று. அண்டை மாடத்து மணிமாலை கண்ணுக்கு மறைந்தது. அதன்பின் அரங்கக் கண்ணாடி, செல்வரின் அணிகலன் என்ற நிலையிலிருந்து எளியோரின் துணைக்கருவி என்ற நிலைக்கு மெல்ல இறங்கியது. நம் கருத்தில் இதனை உயர்ந்தது என்றே சொல்ல வேண்டும். சொந்தமாக வாங்க இயலாதவர்க்கு வாடகை முறை கைகொடுத்தது.

இனி முன்பு எழுப்பிய கேள்விக்கு வருவோம். ஊரும் பேரும் தெரியாத ஆயிரம் பேருக்குக் கண்ணாடியைக் கொடுத்துத் திரும்பப் பெறுவது எப்படி? சட்டைப்பையில் அடங்கும் பொருள். இருட்டில் கைமாறும் பொருள். ஆட்டம் முடிந்தவுடன் எல்லாரும் ஒரே நேரத்தில் வெளியேறுவார்கள். கணக்கு வைப்பது எளிதன்று.

லண்டன் நகரத்தார் இயந்திரத்தை நம்பினார்கள். அங்குள்ள பழைய அரங்குகள் பலவற்றில், முன் இருக்கையின் முதுகுப்புறத்தில் ஒரு சிறு தாங்கி பொருத்தப்பட்டிருக்கும். கண்ணாடி அதில் பூட்டப்பட்டிருக்கும். துளையில் நாணயத்தை இட்டால் பூட்டு விடுபட்டுக் கண்ணாடி கைக்கு வரும். பணியாளரை அழைக்க வேண்டுவதில்லை, வரிசையில் நிற்க வேண்டுவதில்லை, இருட்டில்கூட எடுத்துக்கொள்ளலாம். ஒரு காலத்தில் ஆறு பென்னி நாணயம் இதற்குப் போதுமானதாயிருந்தது. 1971இல் பிரிட்டன் தசம நாணயத்துக்கு மாறியபின் துளைகளும் மாறின. பிற்காலத்தில் ஒரு பவுன் நாணயம் வரை கட்டணம் ஏறியது. இட்ட நாணயம் வாடகையே, திரும்ப வராது. கண்ணாடியைத் தாங்கியில் வைத்துவிட்டுப் போவது எடுத்தவரின் நேர்மையைப் பொறுத்தது. இதில் ஒரு நகைமுரண் உண்டு: எடுக்கும்போது பூட்டு காவல் காக்கிறது, கொடுக்கும்போது மனச்சாட்சி காவல் காக்கிறது. மேலும், மக்கள் நாணயத்தைச் சுமப்பதை விட்டு அட்டையாலும் கைப்பேசியாலும் பணம் செலுத்தத் தொடங்கிவிட்ட இக்காலத்தில், இம்முறையின் அடித்தளமே தளர்ந்து வருகிறது.

ரஷ்யர் கண்ட வழி முற்றிலும் வேறு. அது பனிக்காலத்தில் பிறந்த வழி. மாஸ்கோவின் பல்ஷோய் அரங்கிலாகட்டும், சிறு நகரத்து அரங்கிலாகட்டும், கனத்த மேலங்கியுடன் யாரும் மண்டபத்துக்குள் செல்வதில்லை. நுழைந்தவுடன் அங்கி காப்பகத்தில் அதனைக் கொடுத்து, எண் பொறித்த வில்லை ஒன்றைப் பெற்றுக்கொள்ள வேண்டும். கண்ணாடி வாடகைக்குக் கிடைப்பதும் அக்காப்பகத்திலேதான். வெளியே தண்ணீர் உறையும் குளிர். உள்ளே ஒருவரின் கம்பளி அங்கி அரங்கத்தாரின் கையில். கண்ணாடியைத் திருப்பித் தராமல் அவர் எங்கே போய்விட முடியும்? தனியாக முன்பணமோ ஜாமீனோ தேவைப்படாமல், பருவநிலையே ஜாமீனாக நிற்கிறது.

இதற்கு மேலும் ஒரு நயம் உண்டு. ஆட்டம் முடிந்ததும் நூற்றுக்கணக்கானோர் ஒரே நேரத்தில் அங்கிக்காக நெருக்கியடித்து நிற்பார்கள். கண்ணாடி எடுத்தவர்களுக்கு மட்டும் வரிசையில் நிற்காமல் முன்னே வந்து, கண்ணாடியைக் கொடுத்து, அங்கியைப் பெற்றுச் செல்லும் சலுகை உண்டு. கண்ணாடி விரைவில் திரும்பி வருகிறது என்பது அரங்குக்கு ஆதாயம். வீட்டுக்கு விரைவில் போகலாம் என்பது ரசிகருக்கு ஆதாயம். சோவியத் காலத்திலிருந்து வழங்கிவரும் இப்பழக்கத்தால், மேடைக்கு மிக அருகில் அமர்பவர்களும் கண்ணாடி எடுத்துக்கொள்வது உண்டு. அதனால் அவர்கள் எதையும் பார்ப்பதில்லை, வரிசையை மட்டும் தாண்டுகிறார்கள். காப்பகப் பணியாளரை ரஷ்யர் எளிதாக எண்ணுவதில்லை. நாடகப் பேராசான் ஸ்தானிஸ்லாவ்ஸ்கி 1933இல் தம் மாஸ்கோ கலை அரங்கின் காப்பகப் பணியாளர்களுக்கே ஒரு கடிதம் எழுதி, ரசிகர் கட்டடத்துக்குள் காலடி வைக்கும் கணத்திலேயே நாடகம் தொடங்கிவிடுகிறது என்ற கருத்தை அதில் வலியுறுத்தினார்.

வியன்னாவில் 1869இல் திறக்கப்பட்ட அரசு இசை நாடக அரங்கிலும் காப்பகத்திலேயே கண்ணாடி கிடைக்கும். அந்நகரத்தின் மற்றொரு வழக்கத்தையும் இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை. அங்கே மிகக் குறைந்த கட்டணத்தில் நின்றுகொண்டே பார்க்கும் இடங்கள் உண்டு. முன்பெல்லாம் நேரத்தோடு வந்தவர்கள் தங்கள் கழுத்துத் துணியைக் கம்பியில் கட்டி இடத்தைக் குறித்துவிட்டு, சற்று வெளியே உலாவி வருவது வழக்கமாயிருந்தது. அத்துணியை யாரும் அகற்றியதில்லை. பேருந்தின் சன்னல் வழியே துண்டைப் போட்டு இடம் பிடித்துப் பழகிய நம்மவர்க்கு வியன்னா அவ்வளவு அந்நியமான நகரமன்று.

அமெரிக்காவில், நியூயார்க் மெட்ரோபொலிட்டன் அரங்கு 1966இல் தன் இன்றைய கட்டடத்துக்குக் குடியேறியது. ஏறத்தாழ 3,800 பேர் அமரக்கூடிய பேரரங்கு அது. உச்சி வரிசையிலிருந்து பார்த்தால் கண்ணாடியின் தேவை தானே விளங்கும். அங்கும் காப்பகத்தில் அது வாடகைக்குக் கிடைக்கும். அமெரிக்க அரங்குகளில் அடையாள அட்டை போன்ற ஒன்றைப் பெற்று வைத்துக்கொள்வது பொதுவான முறை. தென்கொரியாவும் இவ்வழியைப் பின்பற்றுகிறது. 2001இல் 'தி பேன்டம் ஆஃப் தி ஓபரா' கொரிய மொழியில் மேடையேறியது முதல் சியோல் நகரில் பெரும் இசை நாடகங்கள் பெருகின. அங்கே வாடகைக் கூடத்தில் அடையாள அட்டையை ஒப்படைத்துக் கண்ணாடி பெறுவர். இங்கே ஈடு நிற்பது அங்கியன்று, பணமுமன்று. ஒருவரின் பெயரும் முகமும் அச்சிட்ட அட்டை.

ஜப்பானில் வாடகையுடன் முன்பணமும் பெற்று, கண்ணாடி திரும்பியதும் முன்பணத்தைத் திருப்பித் தரும் முறை வழக்கிலுள்ளது. அங்கே இக்கருவியை மிகுதியாகப் பயன்படுத்துவோர் தக்கரசுக்கா ரசிகர்கள். ஒசாகாவுக்கு அருகிலுள்ள அச்சிற்றூரில், இருப்புப்பாதை நிறுவனம் ஒன்றை நடத்திய கொபயாஷி இச்சிஸோ, தம் வண்டிகளில் பயணிகளைச் சேர்க்கும் பொருட்டு ஒரு கலைக்குழுவை நிறுவினார். 1914இல் முதல் ஆட்டம் நடந்தது. ஆண் வேடம் உட்பட எல்லா வேடங்களையும் பெண்களே ஏற்பது அதன் தனிச்சிறப்பு. அங்குள்ள பேரரங்கில் ஏறத்தாழ 2,500 பேர் அமரலாம். பின்னால் இருப்பவரை மறைக்காதிருக்க, இருக்கையில் முதுகு படியச் சாய்ந்தே அமர வேண்டும் என்பது ஜப்பானிய அரங்க ஒழுக்கம். எட்டிப் பார்க்கக் கூடாது. ஆகவே கண்ணாடியே எட்டிப் பார்க்கிறது. ரசிகர்கள் இதனை 'ஓபரா' என்றே செல்லமாகச் சுருக்கி அழைப்பார்கள். அன்பிற்குரிய நட்சத்திரம் ஒரு முக்கியமான பார்வையை வீசும் தருணத்தில் மண்டபமெங்கும் ஒருசேர 'ஓபரா'க்கள் உயர்வதுண்டு.

ஆக, நாணயம், அங்கி, அடையாள அட்டை, முன்பணம் என நான்கு வகை ஈடுகளைக் கண்டோம். சொந்த ஊரை விட்டுப் பிற மாநிலங்களில் வாழும் நேயர்களுக்கு இவை புதியனவாகத் தோன்றமாட்டா. புதிய நகரில் வீடு பிடிக்க முன்பணம் கேட்டார்கள். நூல்நிலையத்தில் புத்தகம் எடுக்க ஈட்டுத்தொகை கேட்டார்கள். வேறிடங்களில் உங்களை அறிந்தவர் யார் என்று கேட்டார்கள். பிறந்த ஊரில் இன்னார் மகன் என்ற ஒரு சொல்லே ஈடாக நின்றிருக்கும். அச்சொல் செல்லாத இடத்தில் வேறொன்று அதன் இடத்தை நிரப்ப வேண்டியிருக்கிறது. அரங்கக் கண்ணாடியின் வாடகை முறை அவ்வுண்மையின் ஒரு சிறு உருவம். எனினும் அவற்றுள் ஒரு வேறுபாடு உண்டு. அட்டை கேட்பவர் ஒருவரை யார் என்று அறிய விரும்புகிறார். அங்கியைக் காப்பவரோ அவரைக் கேள்வி எதுவும் கேட்பதில்லை. குளிரிலிருந்து வந்தவர் என்பதே அவருக்குப் போதும்.

இந்தியாவில் இவ்வழக்கம் ஏன் வேரூன்றவில்லை? அங்கி காப்பகம் இல்லாத நாட்டில் கண்ணாடிக்கு ஒரு கூடம் அமைவது அரிது என்பது ஒரு காரணம். அதனினும் ஆழமான காரணம் நம் நாடக மரபிலேயே உள்ளது. தொலைவு என்னும் இடையூற்றை நம் முன்னோர் வேறு முறையில் வென்றார்கள். ஐரோப்பியர் பார்ப்பவரின் கண்ணைப் பெரிதாக்கினார்கள். நாம் ஆடுபவரின் முகத்தைப் பெரிதாக்கினோம். கேரளத்துக் கதகளியின் பச்சை முகமும் வெண்சுட்டியும், கன்னட நாட்டு யக்ஷகானத்தின் பெரிய தலையணியும், நம் தெருக்கூத்தின் கிரீடமும் புஜக்கட்டையும் நள்ளிரவு விளக்கொளியில் தொலைவிலிருப்பவருக்கும் இவன் வீரன், இவன் அரக்கன் என்று அறிவித்துவிடும். வங்காளத்து ஜாத்ராவில் மேடையைச் சுற்றி நாற்புறமும் மக்கள் அமர்வதால், கடைசி வரிசையே அருகில் வந்துவிடுகிறது. தில்லி ராம்லீலாவில் இராவணனின் உருவம் எத்தனை அடி உயரம் நிற்கிறது! அவனைக் காணக் கண்ணாடி வேண்டுமோ?

ஆயினும் மேனாட்டு முறையிலான அரங்குகளும் நம்மிடையே உள்ளன. மும்பையின் ராயல் ஓபரா ஹவுஸ் 1911இல் திறப்பு விழாக் கண்டு, 1993இல் மூடப்பட்டு, புதுப்பொலிவுடன் 2016இல் மீண்டும் திறக்கப்பட்டது. 2023இல் அந்நகரில் 2,000 இருக்கைகள் கொண்ட ஒரு பேரரங்கு திறக்கப்பட்டு, 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' என்னும் இசை நாடகம் அங்கே மேடையேறியது. இத்தகைய அரங்குகள் பெருகினால் கடைசி வரிசைக்காரரின் குறையும் பெருகும். பெரிய திரைகளை மேடையின் இருபுறமும் நிறுத்தி நடிகர் முகத்தைக் காட்டிவிடலாமே என்பார்கள். பெருவிழாக்களில் அவ்வாறு செய்தும் வருகிறார்கள். ஆனால் திரையில் எதைக் காட்டுவது என்பதைப் படப்பிடிப்பாளர் முடிவு செய்கிறார். பாடகி பாடும்போது அவளைக் காட்டுவார். அப்பாட்டைக் கேட்டு ஒரு மூலையில் கலங்கி நிற்கும் பணிப்பெண்ணைக் காட்டமாட்டார். கையில் கண்ணாடி உள்ளவரோ தாம் விரும்பிய முகத்தைத் தாமே தேர்ந்துகொள்கிறார்.

வெளிநாட்டுப் பயணத்தில் இத்தகைய அரங்குக்குச் செல்லும் வாய்ப்புப் பெறுவோர்க்குச் சில குறிப்புகள் பயன்படலாம். விளக்கு அணையும் முன்பே, திரைச்சீலையின் விளிம்பையோ மேடைச் சட்டத்தின் வேலைப்பாட்டையோ நோக்கிச் சக்கரத்தைத் திருப்பித் தெளிவை அமைத்துக்கொள்ள வேண்டும். கலிலியோ முறைக் கண்ணாடியில் கண் வில்லைக்கு எவ்வளவு நெருங்கியிருக்கிறதோ அவ்வளவு பரப்புத் தெரியும். மூக்குக்கண்ணாடி அணிவோர்க்குப் பரப்புச் சுருங்குவது இதனால்தான். கிட்டப்பார்வையோ தூரப்பார்வையோ மட்டும் உடையவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தைத் திருப்பியே தெளிவு பெற முயலலாம். முழங்கைகளை உடலோடு ஒட்டிவைத்தால் கை நடுங்காது. ஆட்டம் முழுவதும் கண்ணாடியைக் கண்ணிலேயே வைத்திருப்பது கூடாது. கண் களைக்கும், மேடையின் முழுமையும் நழுவும். இசை உச்சத்தை நோக்கி ஏறும்போதும், ஒருவர் பேச்சுக்கு மற்றவர் மௌனமாக விடையிறுக்கும்போதும் எடுத்தால் போதும். ஈடாக எதைக் கேட்பார்கள் என்பதை முன்கூட்டியே விசாரித்து வைப்பதும் நன்று.

ஓர் அரங்கின் பெருமையை அதன் பொற்பூச்சாலும் தொங்கு விளக்காலும் அளப்பது எளிது. மிகக் குறைந்த கட்டணம் கொடுத்து மிக உயரத்தில் அமர்ந்தவருக்கு அவ்வரங்கு என்ன செய்கிறது என்று கேட்பது அதனினும் நேரிய அளவுகோல். அவரும் வெறும் குரலைக் கேட்டுவிட்டுப் போவதற்காக அத்தனை படி ஏறி வரவில்லை; முகத்தைக் காணவே வந்தார். சில காசுக்கும் சிறிது நம்பிக்கைக்கும் அந்த முகத்தை அவர் கையில் கொடுத்துவிடும் வழக்கம் எந்த நாட்டில் தோன்றியிருந்தாலும், நாமும் கைக்கொள்ளத் தக்கதே.